எச்டிஎஃப்5 கோப்பில் கருவித் தரவு: முதல் வரியிலேயே எடுக்க வேண்டிய முடிவுகள்

ஆய்வகக் கருவியோ செயற்கைக்கோளோ தந்த தரவைத் தரவிறக்கினால், இப்போது பெரும்பாலும் எச்டிஎஃப்5 வடிவத்தில், ‘எச்5’ என்று பெயர் முடியும் ஒரு கோப்பு கைக்கு வருகிறது. நோட்பேடில் திறந்தால் முதலில் ஏதோ ஒரு குறி, அடுத்து எச், டி, எஃப் என்று மூன்று எழுத்து, பிறகு படிக்க முடியாத குப்பை. பைத்தானில் திறந்தாலோ மூன்றே வரியில் எண்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. எழுதுவதும் அதே அளவு எளிது.

அந்த மூன்று வரிக்குள் பைத்தான் லைப்ரரி நமக்காக ஏழெட்டு முடிவுகளை எடுத்துவிடுகிறது. பத்து நிமிடச் சோதனைக்கு அவை போதும். பத்து நாள் இரவு பகலாக ஓடும் கருவிக்கு அவற்றில் பாதி பொருந்தாது. அவற்றில் பல, சேமிப்பு இடத்தை உருவாக்கும் அந்த நொடியிலேயே உறைந்துவிடுகின்றன. பிறகு மாற்ற வேண்டுமானால் கோப்பு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். எந்தெந்த முடிவுகள், எந்த எண்கள், தவறினால் என்ன ஆகும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## கோப்புக்குள் என்ன இருக்கிறது

எச்டிஎஃப் வடிவத்தின் தொடக்கம் 1980-களின் இறுதியில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தில். இன்று நாம் பயன்படுத்தும் ஐந்தாம் வடிவம் 1998-இல் வந்தது. 2006 முதல் ‘தி எச்டிஎஃப் குரூப்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதைத் தனியாகப் பராமரிக்கிறது. வானிலைத் துறையின் நெட்சிடிஎஃப்-4 கோப்பு, மேட்லேப்பின் 7.3 வகை ‘மேட்’ கோப்பு இரண்டும் உள்ளே எச்டிஎஃப்5தான்.

கோப்பின் முதல் 8 பைட்டுகள் அடையாள முத்திரை. முதல் பைட்டின் மதிப்பு 137. சாதாரண ஆங்கில எழுத்துக் கோப்பில் வராத மதிப்பு. அடுத்து எச், டி, எஃப். பிறகு வரி முறிவுக் குறிகள் இரண்டு, 26 என்ற மதிப்பு, மறுபடி ஒரு வரி முறிவு. இந்த வரி முறிவுகள் வீணாக வைக்கப்படவில்லை. யாராவது கோப்பை எழுத்துக் கோப்பாக நினைத்து அனுப்பினால், அனுப்பும் மென்பொருள் வரி முறிவுகளை மாற்றிவிடும். முத்திரை கெடும், கோப்பு திறக்காது, சேதம் அங்கேயே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு முக்கியமாக மூன்று வகைப் பொருட்கள்:

1. குரூப்: கணினியின் ஃபோல்டர் மாதிரி. குரூப்புக்குள் குரூப் இருக்கலாம்.
2. டேட்டாசெட்: ஒரே வகை எண்கள் நிறைந்த அணி. ஒரு பரிமாணம், இரண்டு, மூன்று என்று 32 வரை இருக்கலாம்.
3. ஆட்ரிபியூட்: குரூப் மீதோ டேட்டாசெட் மீதோ ஒட்டும் சிறு சீட்டு. அலகு, கருவி எண், அளவீட்டு வேகம் போன்றவை இதில் வரும். இயல்பு அமைப்பில் ஒரு சீட்டு 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். பெரிய அளவுத்திருத்த அட்டவணையை இதில் திணிக்காமல் தனி டேட்டாசெட்டாக வைக்க வேண்டும்.

## ரேப்பர் என்பது எது

எச்டிஎஃப்5-இன் உண்மையான லைப்ரரி சி மொழியில் எழுதப்பட்டது. அதில் ஒரு டேட்டாசெட்டை உருவாக்க, எண் வகை, பரிமாணம், உருவாக்கப் பண்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்பு. திறந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக மூடவும் வேண்டும். இந்தச் சுமையை மறைத்து, நம் மொழியின் பழக்கத்துக்கு ஏற்ப மேலே சுற்றப்பட்ட மெல்லிய அடுக்குதான் ரேப்பர். பைத்தானில் எச்5பை, பைடேபிள்ஸ். லேப்வியூ, மேட்லேப், ஜூலியா என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

எல்லா ரேப்பரும் ஒரே சி லைப்ரரியைத்தான் கூப்பிடுகின்றன. ஆனால் நாம் சொல்லாமல் விட்ட இடங்களை ஒவ்வொன்றும் தன் போக்கில் நிரப்புகிறது. எச்5பையில் கோப்பைத் திறக்கும்போது முறையைச் சொல்லாவிட்டால் பழைய பதிப்புகளில் அது எழுதும் முறையில் திறக்கும், 3.0 முதல் படிக்க மட்டும். ‘டபிள்யூ’ முறை என்றால், அதே பெயரில் ஏற்கெனவே உள்ள கோப்பு ஒரு கேள்வியும் இல்லாமல் காலியாகிவிடும். கருவி மென்பொருளில் ‘எக்ஸ்’ முறையைப் பயன்படுத்துங்கள். பெயர் ஏற்கெனவே இருந்தால் அது பிழை சொல்லி நிற்கும். நேற்றைய அளவீடு தப்பிக்கும்.

## முதலில் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 4 சேனல், 16 பிட், நொடிக்கு 10,000 முறை அளக்கும் அனலாக்-டிஜிட்டல் மாற்றி.

4 × 2 பைட் × 10,000 = நொடிக்கு 80,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 28.8 கோடி பைட், அதாவது 288 மெகாபைட். ஒரு நாளுக்கு 6.9 ஜிகாபைட்.

இதையே சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) வோல்ட் மதிப்பாக எழுதினால், ஒவ்வோர் எண்ணுக்கும் காற்புள்ளியோடு சேர்த்து 9 எழுத்து என்று வைத்தாலும் நாளுக்கு 31 ஜிகாபைட்டைத் தாண்டும். அதோடு நடுவில் உள்ள ஒரு நொடியைப் பார்க்க முதல் வரியிலிருந்து படித்து வர வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் சேமிப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கீழே வரும் துண்டு அளவும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

## துண்டு அளவு: பெரும்பாலான கோளாறுகளின் ஊற்று

எத்தனை நேரம் கருவி ஓடும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே வளரக்கூடிய டேட்டாசெட் வேண்டும். எச்5பையில் டேட்டாசெட்டை உருவாக்கும்போது ‘மேக்ஸ்ஷேப்’ என்ற இடத்தில் முதல் பரிமாணத்துக்கு ‘நன்’ என்று கொடுத்தால் எல்லை இல்லை என்று பொருள். பிறகு ‘ரீசைஸ்’ மூலம் நீட்டிக்கொண்டே போகலாம். இதைக் கொடுக்க மறந்து ரீசைஸ் செய்தால், துண்டாக்கிய டேட்டாசெட்டை மட்டுமே நீட்ட முடியும் என்று பிழை வரும்.

துண்டு என்றால் என்ன? வளரும் அணியை வட்டில் ஒரே நீளமாக வைக்க முடியாது. லைப்ரரி அதைச் சம அளவுக் கட்டங்களாக வெட்டி, எது எங்கே இருக்கிறது என்று ஓர் அடைவு வைத்துக்கொள்கிறது. படிப்பதும், எழுதுவதும், சுருக்குவதும் முழுத் துண்டாகத்தான் நடக்கும். ஒரே ஓர் எண் வேண்டுமென்றாலும், சுருக்கப்பட்ட துண்டானால் அது முழுவதையும் விரித்தாக வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் மூன்று அளவுகளை ஒப்பிடுவோம்.

1. ஒரு துண்டு = 1 வரிசை × 4 சேனல் = 8 பைட். ஒவ்வோர் அளவீட்டையும் வந்தவுடன் எழுதிவிடலாம் என்ற ஆசையில் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இயல்பு அமைப்பில் இரு பரிமாண டேட்டாசெட்டின் ஒவ்வொரு துண்டுக்கும் அடைவில் 40 பைட் செலவாகும். நாளுக்கு 86.4 கோடி துண்டு, 6.9 ஜிகாபைட் தரவுக்கு 34 ஜிகாபைட்டுக்கு மேல் அடைவு. கோப்பு ஊதும், வேகம் படுக்கும்.

2. எதுவும் சொல்லாமல் விட்டால், காலியாகத் தொடங்கும் இந்த டேட்டாசெட்டுக்கு எச்5பை தானாக எடுப்பது 1,024 வரிசை, அதாவது 8 கிலோபைட். நாளுக்கு 8 லட்சத்து 43 ஆயிரத்துச் சொச்சம் துண்டு. வேலை நடக்கும். ஆனால் எவ்வளவு வளரும் என்று அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

3. 16,384 வரிசை × 4 சேனல் = 1,31,072 பைட், சரியாக 128 கிலோபைட். சுமார் 1.64 நொடித் தரவு. நாளுக்கு 53 ஆயிரத்துக்கும் குறைவான துண்டு. இந்தக் கருவிக்கு இதுதான் ஏற்றது.

எழுதும் முறையும் இதோடு சேர்ந்தே வர வேண்டும். நினைவகத்தில் 16,384 வரிசை நிறையும் வரை சேர்த்து, நிறைந்ததும் ஒரே அழைப்பில் எழுதுங்கள். அப்போது ஒவ்வொரு துண்டும் ஒருமுறைதான் சுருக்கப்படும், ஒருமுறைதான் வட்டுக்குப் போகும்.

இதற்கு நேர் எதிரான தவறு படக் கருவிகளில் நடக்கிறது. 2,048 × 2,048 புள்ளி, 16 பிட் கேமரா. ஒரு படம் 8 மெகாபைட். ஒரு படம் ஒரு துண்டு என்று வைப்பது இயல்பாகத் தோன்றும். முழுப் படமாகவே எழுதி முழுப் படமாகவே படித்தால் சரியும்கூட. ஆனால் லைப்ரரி ஒவ்வொரு டேட்டாசெட்டுக்கும் வைத்திருக்கும் துண்டு கேஷ் (விரித்த துண்டைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்), 1.14 பதிப்பு வரை, இயல்பில் 1 மெகாபைட்தான். 8 மெகாபைட் துண்டு அதற்குள் நுழையாது. சுருக்கப்பட்ட ஒரு படத்தை ஒருவர் வரி வரியாகப் படித்தால், ஒவ்வொரு வரிக்கும் முழுப் படமும் புதிதாக விரிக்கப்படும். 2,048 வரி × 8 மெகாபைட் = 16 ஜிகாபைட் விரிப்பு, வெறும் 8 மெகாபைட் படத்துக்காக. நிரலில் பிழை எதுவும் வராது. ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று மட்டும் புரியாது.

தீர்வு இரண்டு. எச்5பையில் கோப்பைத் திறக்கும்போதே கேஷ் அளவை ‘ஆர்டிசிசி_என்பைட்ஸ்’ மூலம் துண்டைவிடப் பெரிதாக்கலாம். அல்லது 256 × 256 புள்ளி போன்ற சிறு கட்டங்களாக வெட்டலாம். ஒன்று 128 கிலோபைட் வரும். படத்தின் ஒரு மூலையை மட்டும் பல நேரங்களுக்குப் பார்ப்பவர்களுக்கு இரண்டாவதே நல்லது. எச்5பை ஆவணம் பரிந்துரைக்கும் வரம்பு 10 கிலோபைட் முதல் 1 மெகாபைட் வரை.

## சுருக்கம்: ஷஃபிள் ஏன் தேவை

ஜிசிப் என்ற சுருக்க முறை எங்கும் கிடைக்கும். எச்5பையோடு வரும் எல்இசட்எஃப் வேகமானது, ஆனால் வேறு மென்பொருளில் திறக்காமல் போகலாம். யாருக்காவது கோப்பை அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஜிசிப்தான் பாதுகாப்பு. எச்5பையில் அதன் இயல்பு நிலை 4. 9-க்கு ஏற்றினால் நேரம்தான் கூடும், கருவித் தரவில் இடம் பெரிதாக மிஞ்சாது.

அதோடு ‘ஷஃபிள்’ வடிகட்டியையும் போடுங்கள். காரணத்தைக் கையால் பார்க்கலாம். கருவி தந்த நான்கு மதிப்புகள்: 1000, 1003, 998, 1001. ஒவ்வொன்றும் இரண்டு பைட் (232 + 3 × 256 = 1000; இதில் 3 மேல் பைட்). வட்டில் இப்படி இருக்கும்:

232 3 235 3 230 3 233 3

ஷஃபிள் செய்த பின்:

232 235 230 233 3 3 3 3

அளவீடு மெல்ல மாறும்போது மேல் பைட் அப்படியே இருக்கும். அவற்றை ஒன்றாகத் தள்ளி வைத்தால் ஜிசிப்புக்கு எளிதில் சுருங்கும் நீண்ட வரிசை கிடைக்கிறது. இழப்பு ஏதும் இல்லை, செலவு மிகக் குறைவு. ‘ஃப்ளெட்சர்32’ என்ற சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தால், வட்டில் கெட்டுப்போன துண்டு படிக்கும்போதே பிடிபடும்.

வேகமான கருவிகளில் ஜிசிப் தாங்காது. சிங்க்ரோட்ரான் (துகள் முடுக்கி) ஆய்வகங்களில் உள்ள டெக்ட்ரிஸ் ஐகர் எக்ஸ் 4எம் எக்ஸ்-கதிர் உணரி 2,070 × 2,167 புள்ளி, நொடிக்கு 750 படம் வரை. 16 பிட் என்றாலே நொடிக்கு 6.7 ஜிகாபைட். அதனால் அந்தக் கருவி பிட்ஷஃபிள், எல்இசட்4 என்ற வேக முறைகளில் சுருக்குகிறது. அவை லைப்ரரியோடு வருவதில்லை. பெறுபவரின் கணினியில் அவற்றுக்கான பிளக்இன் (தனியாக நிறுவும் கூடுதல் நிரல்) இல்லாவிட்டால் கோப்பு திறக்கும், பெயர்கள் தெரியும், எண்ணைக் கேட்டால் மட்டும் பிழை வரும். பைத்தானில் ‘எச்டிஎஃப்5பிளக்இன்’ தொகுப்பை நிறுவி இறக்குமதி செய்தால் தீரும்.

மாறும் நீளமுள்ள சொற்கள் தனி இடத்தில் சேமிக்கப்படுகின்றன. சுருக்கம் அவற்றைத் தொடுவதே இல்லை. நிகழ்வுக் குறிப்பை ஒவ்வோர் அளவீட்டோடும் சொல்லாக எழுதினால் கோப்பு வீங்கும். எண் குறியீடாக எழுதி, விளக்கத்தைச் சீட்டில் வையுங்கள்.

## எண், அலகு, நேரம்

கருவி தந்த மூல எண்ணையே சேமியுங்கள். ±10 வோல்ட், 16 பிட் என்றால் ஒரு படி 20 ÷ 65,536 = 0.000305 வோல்ட். இந்தப் பெருக்கு எண்ணையும் அலகையும் சீட்டில் எழுதினால் போதும். வோல்ட்டாக மாற்றி 64 பிட் தசமமாகச் சேமித்தால் இடம் நான்கு மடங்கு. அளவுத்திருத்தம் தவறு என்று பின்னால் தெரிந்தால் மூல எண்ணைத் தேடி அலைய வேண்டும். இந்தியாவின் இன்சாட்-3டி வானிலைக் கோப்புகள் இந்த ஒழுங்கில்தான் அமைந்துள்ளன: வெப்ப அகச்சிவப்புப் படத்தில் 10 பிட் மூல எண், பக்கத்திலேயே அதை வெப்பநிலையாக மாற்றும் 1,024 வரி அட்டவணை.

இங்கே ஒரு பொறி. பெருக்கு எண்ணை நெட்சிடிஎஃப் மரபுப்படி எழுதியிருந்தால், பைத்தானின் நெட்சிடிஎஃப்4 ரேப்பர் அதைத் தானே பெருக்கித் தரும். எச்5பை மூல எண்ணையே தரும். ஒரே கோப்பு, இரண்டு வேறு எண்கள். இரண்டுமே சரி.

நேரத்துக்கு வருவோம். யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகள்) இப்போது 170 கோடி நொடியைத் தாண்டிவிட்டது. அதை 32 பிட் தசமத்தில் சேமித்தால் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே 128 நொடி இடைவெளி விழும். இரண்டு நிமிடத்துக்கு எல்லா அளவீடும் ஒரே நேரத்தில் நடந்ததாகத் தெரியும். 64 பிட் முழு எண்ணில் நானோநொடியாகச் சேமிப்பது நல்லது. தொடக்கப் புள்ளியையும் எழுதுங்கள். லேப்வியூ 1904 ஜனவரி 1-இலிருந்து எண்ணுகிறது, யூனிக்ஸ் 1970-இலிருந்து. வித்தியாசம் 208 கோடியே 28 லட்சத்து 44 ஆயிரத்து 800 நொடி. உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் நொடிகளை ஜிபிஎஸ் நேரம் சேர்ப்பதில்லை. 2017 முதல் உலக நேரத்தைவிட 18 நொடி முன்னே ஓடுகிறது.

சீரான வேகத்தில் அளந்தால் நேர அணியே தேவையில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முறையாகப் பிடிபட்ட ஈர்ப்பலையின் கோப்பு, அதைப் பிடித்த லைகோ ஆய்வகத்துடையது, பொதுவெளியில் கிடைக்கிறது. 32 நொடிக் கோப்பில் நொடிக்கு 4,096 வீதம் 1,31,072 எண்கள். நேரத்துக்குச் சீட்டில் உள்ள இரண்டு செய்தி போதும்: தொடக்க ஜிபிஎஸ் நொடி 1126259446, இடைவெளி 0.000244140625 நொடி. நிகழ்வு 1126259462.4-இல். கழித்தால் 16.4 நொடி; 4,096-ஆல் பெருக்கினால் 67,174. அந்த எண்ணுக்கு அருகில் போய்ப் பார்த்தால் அலை இருக்கும். அளவீடு இல்லாத இடங்களில் லைகோ ‘எண் அல்ல’ என்ற குறியை வைக்கிறது. நாமும் அப்படி ஏதாவது வைக்க வேண்டும். எழுதாத இடத்தை லைப்ரரி 0 என்றுதான் தரும். உண்மையான 0 வோல்ட்டிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. 16 பிட் முழு எண்ணுக்கு −32,768-ஐ நிரப்பு மதிப்பாக, உருவாக்கும்போதே கொடுங்கள்.

## கரண்ட் போனால்

எச்டிஎஃப்5 தன் அடைவுகளை நினைவகத்தில் வைத்து மெதுவாக எழுதுகிறது. நடுவில் நிரல் செத்தால் தரவு வட்டில் இருந்தும், அடைவு இல்லாததால் கோப்பு திறக்காமல் போகலாம். ‘கோப்பு முறிந்துள்ளது’ என்றோ ‘எழுதுவதற்காக ஏற்கெனவே திறந்துள்ளது’ என்றோ செய்தி வரும்.

1. ஒவ்வொரு நிமிடமும் ‘ஃப்ளஷ்’ செய்யுங்கள். ஆனால் இது இயங்குதளம் வரைதான் தள்ளும். வட்டில் இறங்கியது என்ற உறுதிக்கு இயங்குதளத்தின் ‘எஃப்சிங்க்’ தனியாக வேண்டும்.
2. மணிக்கு ஒரு கோப்பு என்று பிரியுங்கள். நம் கருவிக்கு 288 மெகாபைட். கெட்டால் ஒரு மணி நேரம்தான் போகும். எல்லாப் பாதுகாப்புகளிலும் இதுவே உறுதியானது.
3. ‘எழுதுவதற்காகத் திறந்துள்ளது’ என்று மட்டும் அடம்பிடித்தால், கோப்பின் நகல் ஒன்றில் ‘எச்5கிளியர்’ கருவியை ஓட்டி அந்தக் குறியை நீக்கிப் பார்க்கலாம். மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

பிரித்த கோப்புகளை ‘விர்ச்சுவல் டேட்டாசெட்’ மூலம் ஒன்றாகக் காட்டலாம். ஆனால் அவற்றில் ஒரு கோப்பு காணாமல் போனால் பிழை வராது; அந்த இடம் முழுக்க நிரப்பு மதிப்பு வரும். மேலே சொன்ன −32,768 இங்கேயும் கைகொடுக்கும்.

## ஓடும்போதே வரைபடம் பார்க்க

ஒரு நிரல் எழுத, மற்றொன்று அதே கோப்பைப் படிக்க, எச்டிஎஃப்5 லைப்ரரியின் 1.10 பதிப்பில் ஒரு வசதி வந்தது: ஒருவர் எழுத, பலர் படிக்கும் முறை. வரிசை மாறினால் வேலை செய்யாது. கோப்பை ‘லேட்டஸ்ட்’ பதிப்பு அமைப்பில் திறந்து, எல்லா டேட்டாசெட்டையும் சீட்டையும் உருவாக்கி, அதன் பிறகே இந்த முறையை இயக்க வேண்டும். இயக்கிய பின் புதிதாக எதையும் உருவாக்க முடியாது. எழுதுபவர் ஃப்ளஷ் செய்ய வேண்டும், படிப்பவர் ‘ரெஃப்ரெஷ்’ செய்ய வேண்டும். என்எஃப்எஸ் போன்ற நெட்வொர்க் வட்டில் இது செல்லாது.

## வேறு மொழியில் திறக்கும்போது

1. எச்5பையில் 1000 × 2048 × 4 என்று எழுதியது மேட்லேப்பில் 4 × 2048 × 1000 என்று தெரியும். வரிசை தலைகீழ், தரவு சரி. பரிமாணங்களின் பெயரைச் சீட்டில் எழுதிவையுங்கள்.
2. எச்5பை 3.0 முதல் டேட்டாசெட்டில் உள்ள சொற்கள் பைட்டுகளாகத் திரும்பும். ‘ஆஸ்எஸ்டிஆர்’ போட வேண்டும். பழைய நிரல்கள் ஒப்பிடும் இடங்களில் அமைதியாகத் தவறும்.
3. எச்5பை கலப்பெண்ணை ‘ஆர்’, ‘ஐ’ என்ற இரண்டு உறுப்புள்ள கட்டமைப்பாக எழுதுகிறது. மற்ற மொழிகளில் அப்படியே வரும், சேர்த்துக்கொள்ள வேண்டும்.
4. கோப்பைத் திறந்துவிட்டு அதன்பின் பைத்தான் செயல்முறையைக் கிளைத்தால் (‘ஃபோர்க்’) தவறான எண்கள் வரலாம். ஒவ்வொரு கிளையும் தானே திறக்க வேண்டும்.

## கைமாற்றும் முன்

‘எச்5டம்ப்’ கருவியைத் தலைப்பும் பண்புகளும் மட்டும் காட்டும்படி ஓட்டினால், துண்டு அளவு, வடிகட்டி, சுருக்க விகிதம், நிரப்பு மதிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். பத்து நிமிடச் சோதனை ஓட்டத்தின் கோப்பிலேயே இதைச் செய்யுங்கள். நீண்ட ஓட்டம் முடிந்த பிறகு பார்த்து என்ன பயன்? துண்டு அளவோ சுருக்கமோ மட்டும் தவறாக இருந்தால் ‘எச்5ரீபேக்’ புதிய கோப்பாக மாற்றி எழுதித் தரும். நீக்கிய டேட்டாசெட்டின் இடமும் அப்போதுதான் திரும்பக் கிடைக்கும். வெறும் ‘டெல்’ கட்டளையால் கோப்பு சிறுத்துவிடாது. 32 பிட் தசமத்தில் தொலைந்த நேரத்தை மட்டும் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.